கல்லுமலை சண்முகவடிவும் ஒரு வைஃபை கார்டும்

எனக்கு ஒருத்தரைப் பிடிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. சண்முகவடிவைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து.

மஸ்கெலியா டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, போனும் கம்ப்யூட்டரும் திருத்தும் கடை என்னுடையது. என் பேர் கிஷாந்த். கடை திறந்த முதல் வாரம், பலகையில் பெயின்டர் 'தொளைபேசி திருத்துமிடம்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அதில் பிழை இருப்பது எனக்கும் தெரியவில்லை, வந்து போன யாருக்கும் தெரியவில்லை. போனுக்கு ரீலோட் போட வந்த இவள் மட்டும் வாசலில் நின்று நிதானமாக வாசித்துவிட்டு உள்ளே வந்தாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"தம்பி, தொலைபேசிக்கு இந்த 'ளை' வராதுங்க. இது ஓட்ட போடுற தொளை."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று சாயந்தரத்திலிருந்து கடைத்தெரு முழுக்க எனக்குத் 'தொளை' என்று பேர் விழுந்தது. பலகையை மாற்றி எழுதினேன். பேரை மாற்ற முடியவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் எனக்குத் தமிழ் திருத்துவதா என்று உள்ளே கிடந்து புழுங்கினேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான் என்பதை அந்த நேரம் நினைத்துப் பார்க்கவில்லை.

சண்முகவடிவு கல்லுமலைத் தோட்டம் மேல் பிரிவைச் சேர்ந்தவள். வயது முப்பத்துமூன்று, எனக்கு நாலு வயது மூப்பு. வாயால் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றே வருகிறது, என் புத்தி அப்படி. கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், காம்பரா என்கிற ஒரே அறையில் அம்மா ராக்காயியோடு இருக்கிறாள்.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கொழும்பில் காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிஸ் வீட்டில் பாத்திரம் கழுவ விட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்த நொத்தாரிஸ் ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டது. உறுதி என்கிற அந்தப் பத்திரங்களை எழுத ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டுமே, அதனால் வீட்டிலிருந்த இவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அவர் பாட்டுக்குச் சொல்லுவார், இவள் அடிக்க வேண்டும். ஒரு பிழைக்கு அடிமட்டக் கோலால் விரலில் ஒரு அடி. காணி உறுதியில் ஒரு எழுத்து மாறினால் காணியே மாறிப்போகும் என்பாராம். காலையில் மீன் கழுவிய கையாலேயே பகலில் உறுதி அடித்தாள். இப்படிப் பதினாறு வருஷம். கடைசியில் விரலைப் பார்க்காமல், திரையையும் பார்க்காமல், பிழை இல்லாமல் அடிக்கிற கை வந்துவிட்டது. ஐயா செத்த பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். இவளுக்கு ஒரு பழைய லெப்டொப்பைக் கொடுத்து ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு பெரிய மனசு.

தோட்டத்துக்குத் திரும்பி வந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். போன வருஷ மழையில் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. அதிலிருந்து ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ வருவதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். முழுசாக நின்று, முழுசாக நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அரை ஆளாக வீட்டுக்கு வருவது என்ன மாதிரி இருக்கும் என்று மலைக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும். அவளுக்கு உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை வேண்டும். அதை விட்டால் வேறு வழி இல்லை.

அப்படி ஒரு வேலை வந்தது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்ப, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஆட்கள் வேண்டும் என்று கொழும்புக் கம்பெனி ஒன்று விளம்பரம் போட்டிருந்தது. இவள் போனில் பார்த்து விண்ணப்பித்தாள், பதிலும் வந்தது. பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்டர்நெட் வழியாகச் சோதனை. கெமரா உள்ள லெப்டொப் கட்டாயம். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

அந்தக் கடிதத்தைப் போனில் காட்டிக்கொண்டே லெப்டொப்பை என் மேசையில் வைத்தாள். அரிசிப் பைக்குள் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். விண்டோஸ் திறக்கக் கால் மணி நேரம் எடுத்தது. அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். பழைய மெஷினுக்கு அதுதான் சரி. நான் அவளுக்குச் செய்த ஒரே நேர்மையான வேலை அது. போட்டு முடிந்ததும் பார்த்தேன், வைஃபை அடையாளமே வரவில்லை.

என்ன கோளாறு என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த வைஃபை கார்டு வேலை செய்ய அதற்குள் ஏற்ற வேண்டிய ஒரு சின்னக் கோப்பு உண்டு, கடையில் பொதுவாக ட்ரைவர் என்போம். லினக்ஸ் சிலவற்றில் அது கூட வராது, இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். கடையில் ரவுட்டர் இருந்தது, கேபிள் இருந்தது. கேபிளைக் குத்தியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேபிள் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"அக்கா, இது வைஃபை எடுக்காது. ட்ரைவர் இல்ல" என்றேன்.

"அப்ப ஏலாதுங்களா தம்பி?"

"ஏலும். நீங்கதான் நல்லா வாசிப்பீங்களே. நெட்ல எல்லாம் போட்டிருக்காங்க, பாத்துச் செஞ்சுக்கங்க."

குத்தலாகத்தான் சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை. "சரிங்க தம்பி" என்று மறுபடியும் அரிசிப் பையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அவள் லயத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. லயத்துக்கு முன்னால், தண்ணீர் பிடிக்கிற பைப்படிக்குப் பக்கத்தில் நிற்கிற கம்பத்தின் மேல். போனை ஒரு பையில் போட்டு அங்கே தொங்கவிட்டால் இரண்டு கோடு காட்டும். லெப்டொப்பின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிவிட்டது, அது காம்பராவுக்குள் பிளக்கில்தான் ஓடும். போன் வெளியே, லெப்டொப் உள்ளே. இடையில் வைஃபையைத் தவிர வேறு எதாலும் இணைக்க முடியாது. அதனால் அந்தக் கார்டு உயிரோடு வந்தே ஆக வேண்டும்.

மலையிலிருந்து வந்ததும் கம்பத்தடியில் நின்று, அங்கே விட்டு விட்டு வருகிற ஒரு கோட்டில் போனில் வாசிப்பாள். அடிக்க வேண்டியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு காம்பராவுக்குப் போய் அடிப்பாள். மெஷின் திருப்பிச் சொல்வதை எழுதிக்கொண்டு மறுபடி கம்பத்தடிக்கு வருவாள். அந்த இடுப்போடு, ஒரு நாளைக்கு இருபது தடவை வாசல் படி ஏறி இறங்கினாளாம். மகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ராக்காயி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு கடைக்கு வந்தாள். ஆங்கிலத்தில் இருப்பதைப் போன் தமிழாக்கித் தருமாம், அதில் ஒரு இடம் விளங்கவில்லையாம்.

"தம்பி, 'பழைய ஓட்டுநரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி தொடங்கவும்'னு போட்டிருக்கு. எந்த ஓட்டுநருங்க?"

கொழுந்து லொறி ஓட்டுகிற அழகன் அப்போது கடையில் இருந்தான். "ஏன் அக்கா, நான் உங்களுக்கு என்னா கெடுதல் பண்ணேன்?" என்றான். கடையே சிரித்தது. எல்லாரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, "அழகன் பேரத்தான் எழுதணும், எழுதிக்கங்க" என்றேன். அவளும் சிரித்தாள், ஆனால் கொப்பியை மூடவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் வேண்டுமென்றே ஒவ்வொருத்தராகக் கவனித்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், ஆள் இல்லை. அன்றிலிருந்து கடைத்தெருவில் அவளுக்கு 'ட்ரைவர் அக்கா' என்று பேர். என் பேர் மறந்துபோய் அவள் பேர் நிலைத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். இந்த முறை கேள்வி கேட்க வரவில்லை, கண்டுபிடித்ததைச் சொல்ல வந்தாள்.

"அந்தக் கார்டு உள்ளதான் தம்பி இருக்கு. கூப்பிட்டா அதோட பேரும் நம்பரும் சொல்லுது. கவ்வாத்து வெட்ட வந்த ஆளுக்குக் கத்தி குடுக்காம நிறுத்தி வச்ச மாதிரி நிக்குது. அந்தக் கத்திதான் அந்தக் கோப்பு. அத எறக்கிட்டேன், எடத்துல வச்சிட்டேன், ஆனா எடுக்க மாட்டேங்குது."

நான் கம்ப்யூட்டர் படித்த ஹட்டன் வகுப்பில் இவ்வளவு சுத்தமாக யாரும் இதை விளக்கியதில்லை. "எடுக்கும் எடுக்கும், பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அந்தப் பதிலுக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளே கண்டுபிடித்துவிட்டாள். கோப்பை இரண்டு தடவை இறக்கியதால், இரண்டாவதன் பேருக்குப் பின்னால் போன் தானாக 'ஒன்று' என்று ஒரு எண்ணை ஒட்டியிருக்கிறது. போனை உள்ளே கொண்டுபோய், சார்ஜர் வயரால் அதைத்தான் லெப்டொப்புக்கு மாற்றியிருக்கிறாள். கார்டு தேடுவது வேறு பேர், அங்கே இருப்பது வேறு பேர். உறுதி அடித்த கண்ணுக்குத்தான் அது பட்டது. அந்த எண்ணை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியதும், ஓரத்தில் நீல விளக்கு எரிந்ததாம். ராக்காயி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாளாம்.

மறுநாள் அதை எனக்குக் காட்ட வந்தாள். பெருமை அடிக்க வரவில்லை. "படம், சத்தம் எல்லாம் ஒழுங்காப் போகுதான்னு நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிட்டீங்கன்னா எனக்குத் தெம்பா இருக்கும் தம்பி" என்றாள். கம்பெனி சொன்ன கூட்டம் நடத்துகிற செயலியையும் அவளே ஏற்றி வைத்திருந்தாள். நான் அதில் என் கணக்கைப் போட்டு உள்ளே போய், கத்தாரில் இருக்கிற என் தம்பி நிரோஷனைக் கூப்பிட்டேன். படம் கண்ணாடி போல வந்தது. "யாருடா அந்த அக்கா?" என்றான். "ட்ரைவர் அக்கா" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே மூடி, லெப்டொப்பை அவளிடம் கொடுத்தேன்.

"நல்லாருக்குக்கா, பயப்படாமப் போங்க" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். அதற்குள் என் எரிச்சல் தீர்ந்துபோயிருந்தது. ஜெயித்துவிட்டாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை நடந்ததை அவள் வாயால் கேட்டதுதான் எனக்குத் தெரியும்.

அன்று அவள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. குளித்து, கொழும்பில் கட்டிய சேலையைக் கட்டி, எட்டரைக்கே உட்கார்ந்துவிட்டாள். போன் கம்பத்தில் தொங்கியது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் இடித்துவிடாமல் ராக்காயி கீழே காவல் நின்றாள். ஒன்பது மணிக்கு உள்ளே எடுத்தார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டமாக இருபதுக்கு மேல் முகங்கள். எல்லாரும் பேசாமல் இருங்கள், உங்கள் பேரைக் கூப்பிட்டதும் பதில் சொல்லுங்கள், பிறகு ஒலிப்பதிவு அனுப்புகிறேன் என்று ஒரு அம்மா சொன்னார். திரையில் இருக்கிற வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

இவளுக்கு ஒரே நிம்மதி. பேர் கூப்பிடுவதும் குரல் கொடுப்பதும் தினம் பெரட்டில் செய்கிற காரியம். அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. அடுத்தவர் பேருக்குக் குரல் கொடுத்தால் கொடுத்தவருக்கும் அன்று வேலை இல்லை, கொடுக்கச் சொன்னவருக்கும் இல்லை. உன் பேர் வரும் வரை வாயைத் திறக்காதே. கல்லுமலையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

"கிஷாந்த்" என்று கூப்பிட்டார் அந்த அம்மா. யாரும் பதில் சொல்லவில்லை.

"கிஷாந்த், இருக்கிறீங்களா? பதில் சொல்லுங்கோ."

"நம்ம தம்பி பேர்ல ஒரு பையன் இருக்கான் போலனு நெனச்சேங்க" என்று என்னிடம் சொன்னாள். "பாவம், இந்த நேரம் பாத்து எங்க போயிட்டானோன்னு இருந்திச்சு. அந்தப் பையன் எந்தக் கட்டத்துல இருக்கான்னு தேடினேன்."

அவள் கட்டத்தின் அடியில், பொடி ஆங்கில எழுத்தில் என் பேர் இருந்தது. கட்டத்தில் தெரிவது தன் முகம். தன் முகத்துக்குக் கீழே எழுதியிருக்கிற பேரை யார் வாசிப்பார்கள்?

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு அந்த அம்மா சொன்னாராம்: "இந்தப் பேர் எங்கட லிஸ்ட்டில இல்ல. பேர் ஒண்டு, ஆள் வேறயாத் தெரியுது. வெளியில எடுக்கிறன்." அடுத்த நொடி இவள் திரை வெறுமையானது. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது.

கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்பதுதான் அந்த வரி. அவள் அதை எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை. வெளியே எடுத்தது அந்தப் பையனை என்று நினைத்திருந்தவளுக்கு ஒன்றுதான் தோன்றியது: கார்டு விட்டுவிட்டது. வெளியே ஓடிப் போய்க் கம்பத்தைப் பார்த்தாள், போனில் இரண்டு கோடும் இருந்தன. அப்படியானால் கோளாறு கார்டில்தான் என்று முடிவு கட்டினாள். கொப்பியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கார்டை நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். கோப்பை அழித்தாள், மறுபடி வைத்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் நீல விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் கம்பெனி அனுப்பிய இணைப்பைத் தொட்டால் உள்ளே விடவில்லை. ஒரு கோளாறும் இல்லாத கார்டை ஒரு மணி நேரம் திருத்தியிருக்கிறாள். பத்து மணிக்குச் சோதனை முடிந்தது. அந்த மணி நேரம் முழுக்க ராக்காயி கம்பத்தடியில் நின்று, தண்ணீர் பிடிக்க வந்தவர்களை அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டாள். அதே சேலை, கீழெல்லாம் சேறு.

"எம் மேலதான் தம்பி பிழ. எங்கயோ தப்பா அடிச்சிட்டேன். பாத்துச் சொல்லுங்க."

திறந்தேன். இரண்டு நொடியில் என் கடை வைஃபையைப் பிடித்தது. அவளை உட்காரச் சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் கேட்டேன். 'கிஷாந்த்' என்று கூப்பிட்டார்கள் என்று சொன்ன இடத்தில் லெப்டொப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். செயலியைத் திறந்தேன். மேல் மூலையில் என் பேர். நிரோஷனைக் கூப்பிட்டுவிட்டு நான் வெளியே வராமல் விட்டிருக்கிறேன்.

இத்தனை நாள் வேண்டுமென்று செய்த எதுவும் அவளை நிறுத்தவில்லை. தெரியாமல் செய்த ஒன்று நிறுத்திவிட்டது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. கம்பெனியின் நம்பர் அவள் போனிலேயே இருக்கிறது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இந்த அக்கா என் பேரில் நுழைந்துவிட்டார், தவறு என்னுடையது என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். கேட்டிருப்பார்கள், இன்னொரு நேரமும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதைச் சொன்னால் அவளுக்கும் தெரியும், பிறகு டவுனுக்கே தெரியும். திரும்பவும் ஒரு பேர் விழும். மேசைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள், திரை அவளுக்குத் தெரியவில்லை. கணக்கிலிருந்து வெளியே வந்தேன். மூலையில் என் பேர் போய்விட்டது.

"ஆமாக்கா" என்றேன். "நீங்கதான் எதையோ மாத்தி அடிச்சிருக்கீங்க."

"எந்த எடத்துலங்க?"

"இப்பப் பாத்துச் சொல்ல ஏலாது. எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு வச்சிருக்கீங்களே."

தன் விரல்களைப் பார்த்தாள். "பதினாறு வருஷம் பிழ விடாம அடிச்சேன் தம்பி" என்றாள். பிறகு, "அவங்களுக்கு எழுதிக் கேட்டா இன்னொரு நாள் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"இந்த மாதிரி கம்பெனிங்க ஒருக்காதான் குடுப்பாங்க அக்கா. வேலையே கம்ப்யூட்டர்லதானே, அதையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னுதான் நெனைப்பாங்க."

அதற்கு அவள் தலையாட்டினாள். நான் சொல்வது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. லெப்டொப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை. பாகத்துக்காவது உதவட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு பைகளையும் மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுநாள் பெரட்டுக்கு நின்றாளாம். பத்து மணிக்கெல்லாம் இடுப்பு பிடித்துத் தேயிலை நிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்றும், மேற்பார்க்கிற கண்டாக்கு ஏசினார் என்றும் அழகன் வந்து சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு ரீலோட் போட வந்தாள். அவள் லெப்டொப் என் மேசை மேல் இருந்தது. இப்போது கடை வேலையெல்லாம் அதில்தான், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒளித்துவைக்க நேரம் இல்லை. அவள் நீல விளக்கைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துபோனது.

"அட, வைஃபை எடுக்குதா! சரியாக்கிட்டீங்களா? கெட்டிக்காரங்க தம்பி நீங்க."

நான் நம்பரைக் கேட்டு ரீலோட் போட்டுக் கொடுத்தேன்.